யூரோக் மொழியும் அதன் தூரத்து உறவுமொழிகளும் ‘வளர்தல்’ என்னும் பொருளைச் சொல்லாக்கும் முறை

யூரோக் மொழியில் வளர்தலைக் குறிக்கும் சொற்கள் எவ்வாறு அமைகின்றன, அவை ஒரே வினையடியோடு விகுதிகள் சேர்ந்து உண்டானவையா, அல்லது ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல்லா என்பது கேள்வி. யூரோக்கை மட்டும் தனியே வைத்து இதற்கு விடை சொன்னால் பாதிப் படமே கிடைக்கும். அந்த மொழி அல்ஜிக் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் பெரிய கிளையாகிய அல்கோன்குவியன் மொழிகளில், குறிப்பாக வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றியும் கனடாவிலும் பேசப்படும் ஓஜிப்வேயிலும் கிரீயிலும், ‘வளர்’ என்னும் பொருள் சொல்லின் தலையில் நிற்பதில்லை, வாலில் நிற்கிறது. வளர்ச்சி தொடங்குகிறதா, முடிந்துவிட்டதா, நன்றாக நடக்கிறதா என்பதே தலைப்பகுதியாகிறது. ஆகவே முதலில் யூரோக் வினைச்சொல்லின் கட்டமைப்பையும், அடுத்து வளர்தற் சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க இடம் தருகிற ஓஜிப்வே, கிரீ மொழிகளையும் எடுத்துக்கொள்கிறேன்.

யூரோக் கலிபோர்னியாவின் வடமேற்கு மூலையில், கிளாமத் ஆற்றின் கீழ்ப்பகுதியிலும் அதை ஒட்டிய பசிபிக் கரையிலும் வாழும் மக்களின் மொழி. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ள ரெக்வொய் அவர்களுடைய பழைய ஊர்களில் ஒன்று. மானிடவியலாளர் ஆல்பிரட் குரோபர் 1900ஆம் ஆண்டிலேயே அங்கு சென்று கதைகளையும் சொற்களையும் எழுதத் தொடங்கினார். முழுமையான இலக்கணம் என்று சொல்லத்தக்கதை இலண்டனைச் சேர்ந்த ஆர். எச். ராபின்ஸ் 1958இல் வெளியிட்டார். 2001 முதல் பெர்க்லி பல்கலைக்கழகம் அகராதி, ஒலிப்பதிவு ஆகியவற்றைத் திரட்டி வருகிறது. மொழியைப் பிறப்பு முதல் பேசி வளர்ந்த மூத்த தலைமுறையில் கடைசியானவராகக் கருதப்பட்ட ஆர்ச்சி தாம்சன் 2013இல் மறைந்தார். இப்போது பள்ளிகளில் யூரோக் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

கிளாமத் கரைக்கும் அமெரிக்கப் பேரேரிகளின் கரைக்கும் இடையே ராக்கி மலைத்தொடரும் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவும் கிடக்கின்றன. அதனால்தான் யூரோக்கும் அதன் அண்டை மொழியாகிய வியோட்டும் அல்கோன்குவியன் மொழிகளுக்கு உறவு என்று மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1913இல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. அல்கோன்குவியன் ஆய்வில் அன்று பெயர்பெற்றிருந்த ட்ரூமன் மிக்கல்சன் மறுநிலை எடுத்து எழுதினார். நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 1958இல், மேரி ஹாஸ் ஒலி ஒப்புமைகளைத் திரட்டி அந்த விவாதத்தை முடித்துவைத்தார். உறவைக் காட்டும் சான்றுகளில் எளியது உடைமை முன்னொட்டு: ‘என்’, ‘உன்’, ‘அவன்’ என்பவற்றுக்கு யூரோக்கில் நெ, கெ, வெ; ஓஜிப்வேயில் நி, கி, ஒ; கிரீயிலும் நி, கி, ஒ. இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு சிறு செய்தி. ஹாஸுடன் சேர்ந்து பெர்க்லியில் கலிபோர்னிய மொழிகளுக்கான ஆய்வுத் திட்டத்தை நிலைநிறுத்தியவர் மரே எமனோ. நீலகிரியில் தோடா, கோத்தா மொழிகளைப் பதிவு செய்தவரும், பர்ரோவுடன் திராவிடச் சொற்பிறப்பகராதியைத் தொகுத்தவரும் அவரே. ஹாஸ், எமனோ இருவரும் சபீரிடம் பயின்றவர்கள்.

இனி யூரோக் வினைச்சொல்லுக்கு வருவோம். இந்தப் பதிலில் தொண்டையடைப்பொலியை, அதாவது தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பதால் எழும் ஒலியைத் தமிழெழுத்தில் காட்டவில்லை என்பதை மட்டும் மனத்தில் கொள்ளவும். ‘உண்’ என்னும் வினையில் நெப்பெக் என்றால் ‘நான் உண்கிறேன்’, நெப்பெம் என்றால் ‘நீ உண்கிறாய்’, நெப் என்றால் ‘அவர் உண்கிறார்’. இடத்தையும் எண்ணையும் விகுதி காட்டுகிறது. காலத்தை விகுதி காட்டுவதில்லை. இறந்தகாலத்துக்கு ஹொ, எதிர்காலத்துக்கு கி, நடந்து முடிந்ததற்கு கிச் என்பன போன்ற தனிச் சிறு சொற்கள் வினைக்கு முன்னே வந்து நிற்கும். ஆகவே ‘வளர்ந்தது’, ‘வளரும்’, ‘வளர்ந்துவிட்டது’ என்று தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கும் வேறுபாடுகளை யூரோக் வினையடிக்கு வெளியே வைத்துவிடுகிறது. எல்லா வினைகளும் இப்படி விகுதி ஏற்பதும் இல்லை. எந்த விகுதியும் ஏற்காமல் மாறாத வடிவில் நிற்கும் வினைகளும் அந்த மொழியில் ஏராளம். அவற்றில் யார் செய்தார் என்பதைப் பிற சொற்களாலும் சூழலாலும் அறிந்துகொள்ள வேண்டும்.

வினையடிக்கு உள்ளே நடப்பதுதான் சுவையானது. யூரோக்கில் ‘எக்’ என்று எழுதத்தக்க ஓர் ஒட்டு உண்டு. அது சொல்லின் முன்னும் வராது, பின்னும் வராது. அடியின் முதல் மெய்யைத் தாண்டி உள்ளே புகுந்துகொள்ளும். ‘கடந்து செல்’ என்று பொருள்படும் லாய் என்னும் அடி லெகாய் ஆகிறது. ‘காதால் கேள்’ என்னும் பொருளுள்ள கொமொய், கெகொமொய் ஆகிறது. ‘மகிழ்ந்திரு’ எனப்படும் தெவொமெல், தெகெவொமெல் ஆகிறது. ‘போய் எடுத்து வா’ எனப்படும் த்ரஹ்க், த்ரெகஹ்க் ஆகிறது. கடைசி எடுத்துக்காட்டில் முதல் மெய் ஒன்றல்ல, இரண்டு. ஒட்டு அவ்விரண்டையும் தாண்டிய பிறகே நுழைகிறது. தமிழிலக்கணம் கூறும் இடைநிலையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் இடைநிலை பகுதிக்கும் விகுதிக்கும் இடையில் நிற்பது. பகுதியை அது பிளப்பதில்லை. யூரோக் ஒட்டோ பகுதியையே பிளக்கிறது.

ராபின்ஸ் இதை மிகுதிப்பொருள் தரும் ஒட்டு என்று அழைத்தார். 2001இல் ஆண்ட்ரூ காரெட் இதை விரிவாக ஆராய்ந்து, பலமுறை நிகழ்தல், வழக்கமாக நிகழ்தல் ஆகிய பொருள்களே இதில் மேலோங்கி நிற்கின்றன என்று காட்டினார். இதே மொழியில் அடியை இரட்டிக்கும் வழியும் தனியே இருக்கிறது. பெகொன் என்றால் ‘பிள’. பெக்பெகொன் என்றால் ‘பல இடங்களில் பிள’. ஒட்டு நுழைந்தால் செயல் வெவ்வேறு வேளைகளில் திரும்பத் திரும்ப நடப்பதாகவும், அடி இரட்டித்தால் ஒரே நிகழ்வு பல துண்டுகளாகச் சிதறுவதாகவும் பொதுவாகக் கொள்ளலாம். ஆண்டுதோறும் நடப்பது, எப்போதும் வழக்கமாக நடப்பது போன்ற பொருள்கள் யூரோக்கில் எங்கே குறிக்கப்படுகின்றன என்று தேடுகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

அடுத்தது வகைப்பாடு. யூரோக்கில் எண்ணுப்பெயர்கள் எண்ணப்படும் பொருளுக்கேற்ப மாறுகின்றன. மனிதரை எண்ண ஒரு வடிவம், விலங்கை எண்ண வேறொன்று, உருண்டையான பொருளுக்கு இன்னொன்று, தட்டையானவற்றுக்கு, கயிறுபோல் நீண்டவற்றுக்கு, வீடுகளுக்கு, படகுகளுக்கு என்று பத்துக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. நம் கேள்விக்கு நெருக்கமானது இதில் ஒன்று: செடிகளை எண்ணும் வடிவமும், மரத்தையும் கம்பையும் எண்ணும் வடிவமும் வேறு வேறு. எண்ணோடு இது நின்றுவிடவில்லை. பெரிது, சிறிது போன்ற அளவுச்சொற்களும் வெண்மை, செம்மை போன்ற நிறச்சொற்களும் இம்மொழியில் வினைகளே. அவற்றிற் பலவும் இதே வகைப்பாட்டுக்கு உட்பட்டு வடிவம் மாறுகின்றன. ஒன்று பெரிதாயிற்று என்று சொல்ல வருகிறவர், எத்தகைய வடிவமுள்ள பொருள் பெரிதாயிற்று என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். மரத்துக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று. என் கருத்தில், இந்த மொழியில் வளர்ச்சியைப் பற்றிப் பேசும் சொற்களின் தனித்தன்மையை ‘வளர்’ என்ற ஒற்றைச் சொல்லில் தேடுவதைவிட இந்த அளவு வினைகளில் தேடுவதே பயன் தரும்.

அல்கோன்குவியன் மொழிகள் இதே வேலையை வேறு விதமாகச் செய்கின்றன. அவற்றின் வினையடியில் மூன்று இடங்கள் உண்டு என்று லியோனார்ட் புளூம்ஃபீல்டு 1946இல் எழுதிய இலக்கணச் சுருக்கத்தில் தெளிவாக வகுத்தார்: முதற்பகுதி, நடுப்பகுதி, இறுதிப்பகுதி. முதற்பகுதி செயலின் தன்மையையோ நிலையையோ திசையையோ சொல்லும். நடுப்பகுதி இருந்தால் அது பெரும்பாலும் ஒரு பொருளையோ வடிவத்தையோ குறிக்கும். இறுதிப்பகுதி செயல் எது என்பதையும், அதைச் செய்வது உயிருள்ளதா இல்லாததா என்பதையும் காட்டும். யூரோக் வினையடிகளிலும் இந்த மூவிடக் கட்டமைப்பின் தடம் இருக்கிறது என்பதை 2004இல் காரெட் எடுத்துக்காட்டினார். எனவே இது இரு கிளைகளும் பிரிவதற்கு முந்தைய பழமை உடையது.

ஓஜிப்வேயில் ‘வளர்’ என்பதற்குரிய இறுதிப்பகுதி, உயிருள்ளவற்றுக்கு ‘கி’ என்றும் உயிரற்றவற்றுக்கு ‘கின்’ என்றும் முடிகிறது. இதைத் தனியே உச்சரித்தால் சொல்லாகாது. தலைக்கு ஏதேனும் ஒன்று வேண்டும். தொடக்கத்தைக் குறிக்கும் மாஜீ சேர்ந்தால் மாஜீகின், ‘வளரத் தொடங்குகிறது’. நன்மையைக் குறிக்கும் மினொ சேர்ந்தால் மினொகின், ‘நன்றாக வளர்கிறது’. முடிவைக் குறிக்கும் கீஜ் சேர்ந்தால் கீஜிகின், ‘வளர்ந்து முடிந்தது, முற்றிவிட்டது, பழுத்துவிட்டது’. மேல்நோக்கிய அசைவைக் குறிக்கும் ஒம்ப் சேர்ந்தால் ஒம்பிகி, ‘வளர்ந்து ஆளாகிறார்’. இந்த ஒம்ப் ஒன்றைத் தூக்குவதற்கும், காற்றில் ஒன்று மேலெழுவதற்கும் உரிய சொற்களின் தலையிலும் நிற்பதே. அகராதியில் இவை வெவ்வேறு எழுத்துகளின் கீழ்ச் சிதறிக் கிடப்பதால், புதிதாகப் பார்ப்பவருக்கு இவை ஒரு குடும்பம் என்பது எளிதில் தெரியாது. சொல்லின் முடிவை வைத்து அடுக்கினால்தான் தெரியும்.

மிகுதியாக வழங்குவது நித்தாவிகி என்னும் சொல். உயிரற்றதற்கு நித்தாவிகின். இதன் தலையில் உள்ள நித்தாவ், ‘ஒன்றைச் செய்யத் தெரிந்திரு, அதில் வல்லமை பெற்றிரு’ என்னும் பொருளுடையது. இதே பகுதி நித்தா என்ற வடிவில் வேறு வினைகளுக்கு முன் வந்து, பாடுவதில் வல்லவர், சமைப்பதில் தேர்ந்தவர் என்பன போன்ற பொருள்களைத் தருகிறது. துண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் ‘வளரும் திறம் பெற்றிருக்கிறது’ என்று வரும். ஆனால் பேசுகிறவர் அப்படி நினைத்துச் சொல்வதில்லை, வெறும் ‘வளர்கிறது’ என்றே சொல்கிறார். ஓஜிப்வேயில் இச்சொல்லுக்குப் ‘பிறக்கிறார்’ என்ற பொருளும் உண்டு. கிரீ மொழியில் இதற்கு நேரான நிஹ்தாவிகிவ் என்பது மனிதரைப் பற்றி வரும்போது பிறத்தலையே முதன்மையாகக் குறிக்கிறது. வளர்ந்து ஆளாவதற்கு அங்கே ஒஹ்பிகிவ் என்பதே பொதுச்சொல்.

‘கி’யா ‘கின்’னா என்று தேர்வதில் ஒரு நுட்பம் உண்டு. உயிருள்ளவை, உயிரற்றவை என்ற பிரிவு இலக்கணப் பிரிவே தவிர, உயிரியல் பிரிவன்று. நம் உயர்திணை, அஃறிணையோடும் இது ஒத்துவராது. ஓஜிப்வேயில் மக்காச்சோளமாகிய மந்தாமின் உயிருள்ள வகை. நீரில் விளையும் காட்டு அரிசியாகிய மனூமின் உயிரற்ற வகை. ராஸ்பெர்ரிப் பழத்தின் பெயரான மிஸ்கொமின் உயிருள்ளது, ஸ்ட்ராபெர்ரியின் பெயரான ஒதேஇமின் உயிரற்றது. ஆகவே ஒரே தோட்டத்தில் பக்கம் பக்கமாக விளையும் இரண்டு பழங்களுக்கு வளர்தல் வினை இரண்டு வடிவில் வரும். மித்திக் என்ற சொல் இன்னும் நல்ல சான்று. மரம் என்ற பொருளில் அது உயிருள்ளது, பன்மை மித்திகூக். கம்பு என்ற பொருளில் உயிரற்றது, பன்மை மித்திகூன். யூரோக்கில் இத்தகைய உயிருள்ளது, உயிரற்றது என்ற பாகுபாடு வினையில் இல்லை. அல்கோன்குவியன் கிளை உயிரை வைத்துப் பிரிப்பதை யூரோக் வடிவத்தை வைத்துப் பிரிக்கிறது என்று சொன்னால் பெரிய பிழையாகாது. முழு உண்மையும் ஆகாது. ஏனெனில் வடிவத்தை அல்கோன்குவியன் மொழிகளும் விட்டுவிடவில்லை. ஓஜிப்வேயில் நீளமாக இருத்தலுக்குரிய தலைப்பகுதியோடு மரம், கம்பு ஆகியவற்றைக் குறிக்கும் நடுப்பகுதி சேர்ந்தால் கின்வாக்வத், கயிற்று வடிவைக் குறிக்கும் நடுப்பகுதி சேர்ந்தால் கின்வாபீகத். இரண்டுக்கும் பொருள் ‘நீளமாயிருக்கிறது’ என்பதே. நீண்டிருப்பது கம்பா கொடியா என்பதில்தான் வேறுபாடு.

தன்வினையிலிருந்து பிறவினைக்குப் போகும் வழியும் ஒழுங்கானது. தமிழில் ‘வளர்’ என்னும் அடி ‘வளர்கிறது’, ‘வளர்க்கிறது’ என இரண்டாகப் பிரிவதுபோல், அங்கே ஒரு காரண விகுதி சேர்கிறது. ஆனால் அதுவும் வளர்க்கப்படுவது எது என்பதைப் பொறுத்து இரண்டாகிறது. உயிருள்ளதை, அதாவது குழந்தையையோ விலங்கையோ வளர்த்தால் தொண்டையடைப்பொலியில் முடியும் வடிவம். உயிரற்றதை வளர்த்தால் நித்தாவிகித்தூன். கிரீயில் முறையே ஒஹ்பிகிஹேவ், ஒஹ்பிகிஹ்தாவ். இதற்கும் மேலே, பிள்ளைகளைக் குறிக்கும் ‘ஆவசொ’ என்ற துண்டைச் சேர்த்துவிட்டால், ஓஜிப்வேயில் நித்தாவிகிஆவசொ, ‘பிள்ளை பெற்று வளர்க்கிறார்’ என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். செயப்படுபொருளைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. விதைத்துப் பயிர் செய்தல் என்பது இந்தக் குடும்பத்தில் சேராது. அதற்கு கித்திகே என்ற வேறு வினை உண்டு. தோட்டத்தைக் குறிக்கும் கித்திகான் அதனோடு தொடர்புடையது.

கிரீயையும் ஓஜிப்வேயையும் அருகருகே வைத்தால் ஒலி மாற்றங்களின் ஒழுங்கும் தெரியவரும். ஓஜிப்வேயின் ஒம்பிகி கிரீயில் ஒஹ்பிகிவ்: மூலமொழியில் மெய்க்கு முன் இருந்த மூக்கொலி ஒன்றில் நிலைத்தது, மற்றதில் மூச்சொலியாகத் தேய்ந்தது. ஓஜிப்வேயின் கீஜிகின் கிரீயில் கீசிகின். மினொகின் என்பது சமவெளிக் கிரீயில் மியொகின். இந்த நன்மைப்பொருள் தலைப்பகுதி கிரீயின் கிளைமொழிகளை அடையாளம் காட்டவே பயன்படுவதாகும்: சமவெளியில் மியொ, சதுப்புநிலக் கிரீயில் மினொ, மூஸ் கிரீயில் மிலொ. மூலமொழியின் ‘ல’கரம் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொன்றாகத் திரிந்தது. மண்ணைப் பிளந்து முளை வெளிவருவதற்குக் கிரீயில் சாகிகின் என்பர். தலைப்பகுதி சாக், ‘வெளிப்படு, எட்டிப்பார்’ என்னும் பொருளுடையது. சூரியன் உதிப்பதைச் சொல்லும் சாகாஸ்தேவ் என்னும் சொல்லின் தலையிலும் அதுவே நிற்கிறது.

இப்படிப் பிரித்துக்கொண்டே போகும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் இதே முறையில் வெட்டிவிட முடியாது. ஓஜிப்வேயில் ஒருவரை நேசித்தலைக் குறிக்கும் வினை ‘சாகி’ என்றே ஒலிக்கும், தொண்டையடைப்பொலியில் முடியும்; வளர்த்தல் வினையும் அவ்வாறே முடிகிறது. தலையில் ‘வெளிப்படு’, நடுவில் ‘வளர்’, கடைசியில் காரண விகுதி என்று வெட்டி, அன்பு என்றால் முளைக்கச் செய்தல் என்று விளக்கம் எழுதுவது யாருக்கும் எளிது. ஆனால் அந்தச் சொல்லில் வளர்தலுக்குரிய இறுதிப்பகுதியே இல்லை. ‘கி’ போலத் தோன்றுவதில் உள்ள மெய், அடியின் கடைசி மெய். அடுத்த உயிர் ஒட்டுக்கு முன் வரும் இணைப்பு உயிர். நித்தாவிகியில் ‘நித்தாவ்’ முடிந்த பிறகு இணைப்பு உயிரும், அதற்குப் பிறகு ‘கி’ முழுமையாகவும் வருகின்றன. யூரோக் அகராதியைத் திறக்கும்போதும் இதே கவனம் வேண்டும். சொல்லின் நடுவே ‘எக்’ கண்ணில் பட்டவுடன் அதை ஒட்டு என்று எடுத்துவிடாமல், அது முதல் மெய்க்கு அடுத்து நிற்கிறதா, அதை நீக்கிய பிறகு எஞ்சும் வடிவம் அதே பொருளில் அகராதியில் இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். பெகொன் என்பதில் உள்ள ‘எக்’ முதல் மெய்க்கு அடுத்துத்தான் நிற்கிறது; ஆயினும் அது ஒட்டு அன்று, அடியின் சொந்த உறுப்பு. ‘பல இடங்களில் பிள’ என்று சொல்ல அது அப்படியே இரட்டித்து வருவது அதற்குச் சான்று.